நாய்க்குச் சோறு போடுவது யார்? கர்னலில் வன்பொருள் வாட்ச்டாக் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் நாம் செய்வது ஒன்றுதான்: அணைத்து, மறுபடி போடுவது. மலை உச்சியில் நிற்கும் வானிலைக் கருவிக்கும், பூட்டிய அறைக்குள் ஓடும் ரூட்டருக்கும் அந்தப் பொத்தானை அழுத்த ஆள் கிடையாது. அந்த ஆளுக்குப் பதிலாகச் சில்லுக்குள் உட்கார்ந்திருக்கும் எண்ணிதான் வாட்ச்டாக் டைமர். அது கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்தைத் தொட்டால் இயந்திரத்தை ரீசெட் செய்துவிடும். அதற்கு முன் மென்பொருள் வந்து எண்ணியை மேலே ஏற்றிவிட வேண்டும். இதை நாய்க்குச் சோறு போடுவது என்றே இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். வேளாவேளைக்குச் சோறு வந்தால் வீட்டில் எல்லாரும் நலம் என்று அது படுத்திருக்கும். வராவிட்டால் குரைக்காது, நேராகக் கடிதான்.

1994-இல் நிலவை ஆராயப் போன கிளமென்டைன் விண்கலத்துக்கு நடந்ததைச் சொன்னால் இதன் அருமை புரியும். மே 7 அன்று அதன் கணினி தடுமாறியதில் ஓர் உந்தி எரிபொருள் தீரும்வரை எரிந்தது. கலம் நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்தில் சுழல ஆரம்பித்தது. வன்பொருளில் வாட்ச்டாக் இருந்தது, மென்பொருள்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்குள் இந்தச் சில்லை இயக்கும் டிரைவர் எழுதுவது இதில் சின்ன வேலை, இருநூறு வரிக்குள் முடிந்துவிடும். சோற்றை யார் போடுவது, எந்த இடத்தில் நின்று போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். அந்தக் கதை படி 6-இல் வருகிறது.

களமும் கருவியும்

பாடத்துக்கு எம்ஐடி மாணவர்களுக்குக் கற்பிக்க எழுதிய சின்ன எக்ஸ்வி6 கர்னலை எடுத்துக்கொள்வோம். 2019-இல் அவர்கள் ரிஸ்க்-ஃபைவ் பதிப்புக்கு மாறிவிட்டார்கள் என்றாலும் நமக்குப் பழைய எக்ஸ்86 பதிப்புதான் தோது. காரணம், அதில் சீபயாஸ் என்ற தொடக்க மென்பொருள் (பயாஸ்) முதலில் ஓடி, பிசிஐ என்ற இணைப்புப் பாதையில் உள்ள சாதனங்களுக்கு முகவரி ஒதுக்கிவிடும், நாம் எழுத வேண்டிய கோடு பாதியாகக் குறையும்.

வாட்ச்டாக் சில்லு இன்டெல் ஐ6300இஎஸ்பி. உண்மையான பலகையைத் தேடி அலைய வேண்டாம், ஒரு முழுக் கணினியையே மென்பொருளில் நடித்துக் காட்டும் கியூஎமு இதை அப்படியே போலி செய்து காட்டும். எக்ஸ்வி6-இன் மேக்ஃபைலில் கியூஎமுஎக்ஸ்ட்ரா என்று ஒரு மாறி இருக்கிறது. அதில் டிவைஸ் என்ற தெரிவுக்கு ஐ6300இஎஸ்பி என்று கொடுத்தால் போதும். நாய் கடித்தால் என்ன ஆக வேண்டும் என்பதையும் கியூஎமுவிடமே சொல்லலாம். ஆக்‌ஷன் என்ற தெரிவில் வாட்ச்டாக்குக்கு ரீசெட், பாஸ், பவர்ஆஃப் என்று பல மதிப்புகள் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் ரீசெட்.

ஒரு குறிப்பு. ஃபங்ஷன் பெயர்களையும் ரெஜிஸ்டர் பெயர்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டர் (சில்லுக்குக் கட்டளை எழுதும் சின்ன அறை) முகவரிகளும் அவற்றில் எழுதும் எண்களும் ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில், இருக்கும் இடங்களில் ஹெக்ஸ் என்று சொல்லிவிடுகிறேன்.

படி 1: சில்லைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் அடையாளமும் அமைப்பு விவரங்களும் இருக்கும் இடம் அமைப்புவெளி. அதைப் படிக்க இரண்டு போர்ட்டுகள் தேவை. ஹெக்ஸ் சிஎஃப்8-இல் முகவரியை எழுதி, ஹெக்ஸ் சிஎஃப்சி-இல் தரவை வாங்க வேண்டும். முகவரிக்கு 32 பிட் எழுத்து தேவை, ஆனால் எக்ஸ்வி6-இன் எக்ஸ்86 ஹெடர் கோப்பில் இன்எல், அவுட்எல் இரண்டுமே கிடையாது. ஒரு பைட்டுக்கும் இரண்டு பைட்டுக்கும் எழுதும் அவுட்பி, அவுட்டபிள்யூ மட்டும்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பஸ் 0-இல் 32 ஸ்லாட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தயாரிப்பாளர் எண் ஹெக்ஸ் 8086, சாதன எண் ஹெக்ஸ் 25ஏபி என்று எது பதில் சொல்கிறதோ அதுதான் நம் நாய். அதன் ஹெக்ஸ் 10-ஆம் இடத்தில் அடிப்படை முகவரி இருக்கும். கீழ் நான்கு பிட்டுகளை அழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்ஸ் 4-இல் உள்ள கமாண்ட் ரெஜிஸ்டரில் பிட் 1-ஐயும் போட்டுவிடுங்கள். பயாஸ் வழக்கமாகப் போட்டிருக்கும், நாமும் போடுவதால் நஷ்டமில்லை.

அந்த முகவரியைக் கர்னல் தொட முடியுமா? எக்ஸ்வி6-இல் டெவ்ஸ்பேஸ் என்று ஹெக்ஸ் எஃப்இ000000-இலிருந்து மேலே உள்ள எல்லாம் அப்படியே நேராக மேப் ஆகியிருக்கும். சீபயாஸ் சின்னச் சாதனங்களை வழக்கமாக அந்த எல்லைக்குள்தான் வைக்கிறது. எனவே முகவரியை பாயின்டராக மாற்றி உடனே பயன்படுத்தலாம். கிடைத்த முகவரி அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டும் பேனிக் செய்யும்படி (கர்னல் பிழைச் செய்தி சொல்லிவிட்டுத் தன்னையே நிறுத்திக்கொள்ளும்படி) ஒரு சோதனை வையுங்கள்.

வாட்ச்டாக்இனிட் என்ற நம் ஃபங்ஷனை மெயினில் ஐடிஇஇனிட்டுக்கு அடுத்து அழைத்தால் சரி. அதற்குள் பக்க அட்டவணையும் கன்சோலும் தயாராகியிருக்கும்.

படி 2: ரெஜிஸ்டர்களும் அகலமும்

நம் சில்லில் ரெஜிஸ்டர்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. அமைப்புவெளியில் இரண்டு: ஹெக்ஸ் 60-இல் கான்ஃபிக், ஹெக்ஸ் 68-இல் லாக் (பூட்டு). நினைவக மேப்பில் நமக்கு வேண்டியவை மூன்று: 0-இல் டைமர் ஒன்று, 4-இல் டைமர் இரண்டு, ஹெக்ஸ் சி-இல் ரீலோட்.

டைமர் எதற்கு இரண்டு? முதல் டைமர் தீர்ந்தால் எச்சரிக்கை, இரண்டாவதும் தீர்ந்தால் ரீசெட் என்பது இன்டெல்லின் ஏற்பாடு. எச்சரிக்கையை இன்டரப்டாக (சிபியுவின் வேலையை இடைமறிக்கும் வன்பொருள் அழைப்பாக) வாங்கி, சாவதற்கு முன் நான்கு வரி குறிப்பு எழுதலாம். நல்ல யோசனைதான், ஆனால் கியூஎமு அந்த இன்டரப்டை அனுப்பாது, முதல் கட்டம் முடிந்ததும் சத்தமில்லாமல் இரண்டாவதைத் தொடங்கிவிடும். ஆகவே இங்கே எச்சரிக்கையை விட்டுவிடுவோம்.

நினைவக ரெஜிஸ்டர்களில் சும்மா எழுத முடியாது. வழிதவறி ஓடும் பாயின்டர் தற்செயலாக நாய்க்குச் சோறு போட்டுவிடக்கூடாது என்பதற்காக ஒரு திறவு வரிசை வைத்திருக்கிறார்கள். ரீலோடில் ஹெக்ஸ் 80, அடுத்து ஹெக்ஸ் 86 எழுதினால் அடுத்த ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் கதவு திறக்கும். சோறு போடும் வேலை மொத்தமும் இவ்வளவுதான்:

ஸ்பின்லாக்கைப் பிடி
ரீலோடில் ஹெக்ஸ் 80 எழுது
ரீலோடில் ஹெக்ஸ் 86 எழுது
ரீலோடில் ஹெக்ஸ் 100 எழுது
ஸ்பின்லாக்கை விடு

ஐந்து வரியில் மூன்று குழிகள் இருக்கின்றன.

முதலாவது, வாலட்டைல். பாயின்டரை வாலட்டைல் என்று அறிவிக்காவிட்டால், ஒரே இடத்தில் மூன்று முறை எழுதுவதைப் பார்க்கும் ஜிசிசி, முதல் இரண்டும் வீண் என்று தூக்கி எறிந்துவிடும். எக்ஸ்வி6 ஓ2 மேம்படுத்தலோடுதான் கம்பைல் ஆகிறது, எனவே நிச்சயம் எறியும். பார்க்கக் கோடு சரியாக இருக்கும், நாய் மட்டும் பட்டினி கிடக்கும்.

இரண்டாவது, அகலம். இரண்டு டைமர்களுக்கும் 32 பிட்டாக எழுத வேண்டும், ரீலோடுக்கு 16 பிட்டாக. கான்ஃபிக் 16 பிட், லாக் 8 பிட். எல்லாவற்றையும் யுஇன்ட் பாயின்டர் ஒன்றில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் தொலைந்தோம். கியூஎமு அகலத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. லாக் ரெஜிஸ்டரில் 32 பிட்டாக எழுதினால் அதைச் சாதாரண அமைப்புவெளி எழுத்தாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். பிழை என்று எதுவும் வராது, டைமர் தொடங்கவும் தொடங்காது.

மூன்றாவது, ஸ்பின்லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒரு சிபியுவை மட்டும் உள்ளே விடும் பூட்டு. ஒரு சிபியு 80 எழுதியபின் இன்னொன்று நடுவில் புகுந்து எழுதினால் வரிசை கெட்டுவிடும். அதைப் பிடிக்கும் எக்ஸ்வி6-இன் அக்வயர் ஃபங்ஷன் அந்த சிபியுவின் இன்டரப்டையும் அணைத்துவிடுவதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

படி 3: தொடக்க நிலை

நாம் எழுந்து வரும்போது பயாஸோ பூட்லோடரோ ஏற்கெனவே நாயை அவிழ்த்துவிட்டிருக்கலாம். அதனால் முதல் வேலை லாக் ரெஜிஸ்டரில் 0 எழுதி நிறுத்துவது. இரண்டாவது, கான்ஃபிக்கில் 3 எழுதுவது. அந்த ஒரு எண்ணில் மூன்று முடிவுகள் அடங்கியிருக்கின்றன: பிட் 5 பூஜ்யம் என்பதால் ரீசெட் நடக்கும், பிட் 2 பூஜ்யம் என்பதால் மெதுவான கடிகாரம், கீழ் இரண்டு பிட்டும் ஒன்று என்பதால் எச்சரிக்கை இன்டரப்ட் கிடையாது. பிட் 5-இன் பொருள் தலைகீழானது என்பதைக் கவனியுங்கள். ரீசெட் வேண்டுமென்று அதை 1 ஆக்கினால் ரீசெட்டை நாமே அணைத்ததாகிவிடும்.

மூன்றாவதாக, போன முறை நாம் செத்தது நாய் கடித்தா என்று பார்க்க வேண்டும். ரீலோட் ரெஜிஸ்டரைப் படித்து பிட் 9 இருந்தால் ஆம். இந்தக் குறி ரீசெட்டைத் தாண்டியும் நிற்கும். பார்த்ததும் திறவு வரிசையோடு ஹெக்ஸ் 200 எழுதி அழித்துவிடுங்கள், இல்லையேல் அடுத்த சாதாரண ரீபூட்டும் நாய்க்கடி என்றே தெரியும். கியூஎமு இங்கே பிட் 12-ஐயும் சேர்த்துக் காட்டும். லினக்ஸ் டிரைவர் ஒரு காலத்தில் தவறுதலாகப் பிட் 12-ஐப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிழையோடு ஒத்துப்போக வேண்டுமே என்று போலிச் சில்லில் இரண்டு பிட்டையும் வைத்துவிட்டார்கள்!

லாக் ரெஜிஸ்டரில் பிட் 1 தொடக்கம், பிட் 0 பூட்டு. பூட்டைப் போட்டுவிட்டால் அடுத்த ரீசெட்வரை யாராலும் டைமரை நிறுத்த முடியாது. பழகும் காலத்தில் பூட்டைத் தொட வேண்டாம்.

படி 4: எத்தனை வினாடி

மெதுவான கடிகாரம் என்பது 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ கடிகாரத்தை 32768-ஆல் வகுத்தது. வினாடிக்கு ஏறக்குறைய 1007 துடிப்பு வரும். லினக்ஸ் டிரைவர் இதை 1024 என்று வைத்துக்கொண்டு, கேட்ட வினாடியை 512-ஆல் பெருக்கி இரண்டு டைமரிலும் போட்டுவிடுகிறது. 30 வினாடி கேட்டால் உண்மையில் 30.5 வினாடி கிடைக்கும். அரை வினாடிக்காக வகுத்தல் எழுத வேண்டியதில்லை, இடப்பெயர்ச்சி போதும். டைமர்கள் 20 பிட் என்பதால் இப்படிக் கணக்கிட்டால் உச்சம் 2046 வினாடி. எழுதும் வரிசை: திற, டைமர் ஒன்று; திற, டைமர் இரண்டு; திற, ரீலோட். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாகத் திறக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் வைப்பது? சோறு போடும் இடைவெளியைப் போல ஐந்தாறு மடங்கு என்பது என் பழக்கம். 5 வினாடிக்கு ஒருமுறை போட்டால் 30 வினாடி. குறைவாக வைத்தால் வட்டு கொஞ்சம் இழுத்துக்கொண்டால்கூட நல்ல இயந்திரம் ரீசெட் ஆகும். காரணமில்லாமல் கடிக்கும் நாயை இரண்டே நாளில் யாராவது கட்டிப் போட்டுவிடுவார்கள்.

படி 5: சாதனக் கோப்பு

சோற்றைக் கர்னலே போடலாமே, டைமர் இன்டரப்ட்தான் வினாடிக்கு 100 முறை வருகிறதே என்று தோன்றும். நானும் முதலில், இன்டரப்டுகளைக் கையாளும் டிராப் கோப்பில், டிக்ஸ் என்ற நேர எண்ணி கூடும் இடத்திலேயே ஒரு வரி சேர்த்தேன். அழகாக ஓடியது. எந்தச் சோதனையிலும் நாய் கடிக்கவே இல்லை, அதுதான் பிரச்சினை. டைமர் இன்டரப்ட் என்பது ஒரு இயந்திரத்தில் கடைசியாகச் சாகும் உறுப்பு. மூளை செத்தபின்னும் துடிக்கும் இதயம் மாதிரி. அதைப் பார்த்து ஆள் நலம் என்று சொல்லக்கூடாது.

எனவே சோறு, கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓடும் யூசர் புராசஸ் ஒன்றிலிருந்து வர வேண்டும். அதற்கு ஒரு சாதனக் கோப்பு. எக்ஸ்வி6-இல் சாதனங்களின் ரீட், ரைட் ஃபங்ஷன்களைப் பதியும் டெவ்எஸ்டபிள்யூ அட்டவணையில் கன்சோல் 1-ஆம் எண்ணில் இருக்கிறது, நாம் 2-ஐ எடுத்துக்கொள்வோம். ரைட் ஃபங்ஷனை அதில் பதிந்துவிட்டு, கர்னல் முதலில் தொடங்கும் இனிட் புரோகிராமில் எம்கேநோடு அழைத்துக் கோப்பை உருவாக்கலாம். அதில் முதல் முறை எழுதும்போது டைமர் தொடங்கும். அடுத்து எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு வேளைச் சோறு.

நிறுத்துவதற்கு? லினக்ஸில் ஆங்கிலப் பெரிய வி எழுத்தை எழுதிவிட்டுக் கோப்பை மூடினால்தான் நிற்கும். எழுதாமல் மூடினால், அதாவது புராசஸ் பாதியில் செத்தால், டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். எக்ஸ்வி6-இன் டெவ்எஸ்டபிள்யூவில் ரீட், ரைட் தவிர மூடுவதற்கென ஒன்றும் இல்லை. அதனால் வி வந்ததுமே நிறுத்திவிடுகிறேன். யாரும் நிறுத்தாமல் ஊட்டும் புராசஸ் செத்தால் இயந்திரம் ரீசெட். அதுதான் நமக்கும் வேண்டும்.

இங்கே ஒரு சுவாரசியம். எக்ஸ்வி6-இன் ஃபைல்ரைட், சாதனக் கோப்பாக இருந்தாலும் பிகின்_ஆப் அழைத்து, அதாவது கோப்பு முறைமையின் லாக் (வட்டில் செய்யப்போகும் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு; லாக் ரெஜிஸ்டரின் பூட்டு அல்ல) வழியாகத்தான் உள்ளே போகும். லாக் அடைத்துக்கொண்டால் சோறு போடப் போன புராசஸும் வாசலிலேயே தூங்கிவிடும். கட்டமைப்பு என்று பார்த்தால் இது அசிங்கம். நமக்கோ கேட்காமல் கிடைத்த வரம், லாக்கின் நலத்தையும் நாய் சேர்த்தே பார்த்துக்கொள்கிறது. மறுபக்கமும் உண்டு: வட்டு மும்முரமாக இருந்தால் சோறு தாமதமாகும். 30 வினாடி என்று தாராளமாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊட்டும் புராசஸ் வெறுமனே எழுதித் தூங்கி எழுதக்கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னக் கோப்பைத் திறந்து ஒரு பைட் எழுதி மூடட்டும். படிப்பது மட்டும் போதாது, வட்டில் படித்ததை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபர் கேஷ் பழைய பதிலையே கொடுத்து ஏமாற்றிவிடும். அடுத்து ஃபோர்க் செய்து, அதாவது தன் நகலாக ஒரு பிள்ளைப் புராசஸை உருவாக்கி, அது முடியும்வரை காத்திருக்கட்டும். நினைவகமும் புராசஸ் அட்டவணையும் மிச்சம் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். இரண்டும் நடந்தால்தான் சோறு. அப்புறம் ஸ்லீப் 500, அதாவது 5 வினாடி. இதையே ஃபிளாஷ் சேமிப்புள்ள உண்மையான பலகையில் செய்வதானால் எழுத்துச் சோதனையைப் பத்துச் சுற்றுக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளுங்கள், தேய்மானம் மிஞ்சும்.

இனிட்டில் ஷெல்லைத் தொடங்குவதற்கு முன் இதை ஃபோர்க் செய்து எக்ஸெக் செய்யுங்கள் (நகலில் ஊட்டும் நிரலை ஏற்றி ஓட்டுங்கள்). பிற்பாடு இது செத்தால் இனிட் சாம்பி என்று ஒரு வரி அச்சிடும், பயப்பட வேண்டாம்.

படி 6: பேனிக் ஆனபின்னும் சோறு போகிறது

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, வேண்டுமென்றே பேனிக் அழைக்கும் ஒரு சிஸ்டம் காலை (யூசர் புராசஸ் கர்னலை அழைக்கும் வழியை) எழுதிச் சோதித்தேன். பேனிக் செய்தி வந்தது. 30 வினாடி ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று, ரீசெட் இல்லை. டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தாலும் அப்படியே இருந்தது. எரிச்சலில் ஒரு விசையைத் தட்டினேன். சரியாக அரை நிமிடத்துக்குள் ரீசெட் ஆனது. மறுபடி ஓட்டினால் சில முறை தானாக ரீசெட் ஆகும், சில முறை விசையைத் தட்டினால்தான் ஆகும்.

விளக்கம் இதுதான். எக்ஸ்வி6 இயல்பாக இரண்டு சிபியுவோடு ஓடுகிறது. பேனிக் தன்னுடைய சிபியுவில் மட்டும் இன்டரப்டை அணைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பிக்கும். மற்ற சிபியு உறைய வேண்டும் என்பதற்காகப் பேனிக்ட் என்ற மாறியை 1 ஆக்கும், ஆனால் அந்த மாறியைப் பார்ப்பது கன்ஸ்புட்சி என்ற எழுத்து அச்சிடும் ஃபங்ஷன் மட்டும்தான். அதாவது இன்னொரு சிபியு எதையாவது திரையில் எழுதப் போனால்தான் உறையும். எதையும் எழுதாவிட்டால் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும். என் ஊட்டும் புராசஸ் ஒன்றும் அச்சிடாத அடக்கமான பிள்ளை. சிபியு 1 பேனிக் ஆனால் சிபியு 0-இல் டிக்ஸ் ஓடும், ஸ்லீப் முடியும், சோறு போகும். சிபியு 0 பேனிக் ஆனால் டிக்ஸ் நின்றுவிடும், ஏனென்றால் அதைக் கூட்டுவது சிபியு 0 மட்டுமே. ஸ்லீப் முடியாது, சோறும் போகாது. விசையைத் தட்டினால் விசைப்பலகை இன்டரப்ட் சிபியு 0-க்குப் போய், எழுத்தைத் திரையில் காட்டப் போய், உறைந்துவிடும். மர்மம் தீர்ந்தது.

பேனிக்ட் 1 ஆக இருந்தால் சோறு போடாதே என்று ஒரு வரி சேர்த்தால் இந்த ஓட்டை அடையும். ஆனால் அது ஒட்டுப் போடுவதுதான். சிபியு 1 பேனிக் ஆகாமல், எங்கோ இன்டரப்டை அணைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தால்? அப்போதும் சிபியு 0 நாயை ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். பாதி வீடு எரிகிறது, மறுபாதியில் விருந்து.

நிரந்தர வழி இது. ஒவ்வொரு சிபியுவின் ஸ்ட்ரக்டிலும் ஒரு எண்ணி சேருங்கள். டைமர் இன்டரப்ட் எல்லா சிபியுவிலும் வரும், அதில் சிபியு 0-க்கான நிபந்தனைக்கு வெளியே அந்தந்த சிபியு தன் எண்ணியைக் கூட்டட்டும். சோறு போடும் ஃபங்ஷன், போன வேளைக்குப் பிறகு எல்லா எண்ணியும் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒன்று நகராவிட்டாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். பேனிக், தொங்கல் இரண்டையும் இந்த ஒரு சோதனை பிடிக்கும். டைமர் இன்டரப்டை நம்பாதே என்று மேலே சொல்லிவிட்டு இங்கே அதையே பயன்படுத்துகிறேனே என்று கேட்கலாம். அதன் சாட்சி மட்டும் போதாது என்றுதான் சொன்னேன். புராசஸின் சாட்சியோடு அதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

இது எக்ஸ்வி6-க்குப் பொருந்தும், ஏனென்றால் அதில் வேலையில்லாத சிபியுவும் இன்டரப்டைத் திறந்து வைத்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் சும்மா இருக்கும் சிபியுவுக்கு டிக்கையே நிறுத்திவிடுவார்கள், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. தனித்தனி சிபியு தொங்குவதைப் பிடிக்க அவர்கள் சாஃப்ட் லாக்கப், ஹார்டு லாக்கப் என்று வேறு காவலர்களை வைத்திருக்கிறார்கள்.

பேனிக் ஃபங்ஷனுக்குள் இன்னொரு சின்ன வேலை: அழைக்குவியலை அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு முறை சோறு போட்டுவிடுங்கள். செய்தியைப் படிக்க முழுசாக 30 வினாடி கிடைக்கும். இங்கே ஸ்பின்லாக்கைப் பிடிக்காமல் நேராக எழுதுங்கள். அந்தப் பூட்டைப் பிடித்தபடியே யாராவது பேனிக் ஆகியிருந்தால் அக்வயரே இன்னொரு பேனிக்கைக் கிளப்பும்.

படி 7: கடிக்க வைத்துப் பார்ப்பது

கடிக்காத நாயைச் சோதித்ததாகக் கணக்கில்லை. நான் செய்யும் சோதனைகள் மூன்று.

கன்ட்ரோல்-பி தட்டினால் எக்ஸ்வி6 புராசஸ் பட்டியலைக் காட்டும். ஊட்டும் புராசஸின் எண்ணைப் பார்த்து கில் கொடுங்கள். அரை நிமிடத்தில் ரீசெட் ஆகி, பூட் செய்தியில் போன முறை நாய்க்கடி என்று வர வேண்டும். வராவிட்டால் முதலில் அகலங்களைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, இன்டரப்டை அணைத்துவிட்டு முடிவில்லாமல் சுற்றும் ஒரு சிஸ்டம் கால். பலமுறை ஓட்டிப் பாருங்கள், எந்த சிபியுவில் விழுந்தாலும் ரீசெட் ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பிகின்_ஆப்-ஐ மூன்று முறை அழைத்துவிட்டு எண்ட்_ஆப்-ஐ அழைக்காமல் திரும்பும் சிஸ்டம் கால். லாக்கில் 30 பிளாக்குக்குத்தான் இடம், ஒவ்வொரு செயலுக்கும் 10 என்று ஒதுக்குவதால் நான்காவது ஆள் உள்ளே போக முடியாது. இதன்பின் இயந்திரத்தைப் பாருங்கள்: டைமர் ஓடுகிறது, ஷெட்யூலர் ஓடுகிறது, தட்டும் எழுத்து திரையில் தெரிகிறது, கன்ட்ரோல்-பி பட்டியல் காட்டுகிறது. ஆனால் எக்ஸெக், எக்ஸிட், கோப்புத் திறப்பு எல்லாமே வாசலில் தூங்கும். இன்டரப்டில் சோறு போடும் வடிவமைப்பு இந்தப் பிணத்தை வருடக்கணக்கில் உயிரோடு காட்டும். நம்முடையது 30 வினாடியில் காரியத்தை முடிக்கும்.

ரீசெட் ஏன் ஆனது என்றே தெரியாத பிழை வந்தால் கியூஎமுவின் செயலைப் பாஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கடிக்கும் நொடியில் இயந்திரம் அப்படியே நிற்கும். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து ஒவ்வொரு சிபியுவும் எந்த வரியில் நிற்கிறது என்று பார்க்கலாம். ஜிடிபியில் நிறுத்தி வைத்தால் நாய் கடித்துவிடுமோ என்ற கவலையும் கியூஎமுவில் இல்லை, இயந்திரம் நிற்கும்போது அதன் மெய்நிகர் கடிகாரமும் நின்றுவிடும். உண்மையான பலகையில் அப்படி இருக்காது, அங்கே டிபக் நேரத்தில் டைமரை நிறுத்தும் பிட் இருக்கிறதா என்று சில்லின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

படி 8: இதையே லினக்ஸில்

லினக்ஸில் சாதனக் கோப்பு, வி எழுத்து, நேரக் கணக்கு எல்லாவற்றையும் வாட்ச்டாக் கோர் என்ற பொதுப் பகுதி பார்த்துக்கொள்கிறது. வாட்ச்டாக்_டிவைஸ் என்ற ஸ்ட்ரக்டை நிரப்பி, ஸ்டார்ட், ஸ்டாப், பிங், செட்_டைமவுட் ஆகிய நான்கு ஃபங்ஷன்களைக் கொடுத்து, டெவ்எம்_வாட்ச்டாக்_ரெஜிஸ்டர்_டிவைஸ் அழைத்தால் டிரைவர் தயார். போன முறை நாய்க்கடியா என்பதை பூட்ஸ்டேட்டஸில் கார்ட்ரீசெட் குறியாகப் போட வேண்டும். நிறுத்தவே முடியாதபடி செய்யும் நோவேஅவுட் தெரிவும் தயாராக இருக்கிறது.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, சில்லின் உச்சவரம்பு. ராஸ்பெர்ரி பையின் வாட்ச்டாக்கும் 20 பிட்தான், ஆனால் வினாடிக்கு 65536 துடிப்பு என்பதால் 16 வினாடிக்கு மேல் எண்ணாது. யூசர் ஒரு நிமிடம் கேட்டால்? மேக்ஸ்_ஹெச்டபிள்யூ_ஹார்ட்பீட்_எம்எஸ் என்ற புலத்தில் சில்லின் எல்லையைச் சொல்லிவிட்டால், நடுவில் உள்ள வேளைகளுக்குக் கோரே சோறு போட்டு, யூசர் கேட்ட கெடு தாண்டியதும் கையை எடுத்துவிடும்.

இன்னொன்று, பூட் இடைவெளி. பூட்லோடர் நாயை அவிழ்த்துவிட்டு வந்திருந்தால், யூசர் புராசஸ் எழுந்து வரும்வரை யார் ஊட்டுவது? டிரைவர் சில்லோடு இணையும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனில் டைமர் ஓடுகிறதா என்று பார்த்து டபிள்யூடாக்_ஹெச்டபிள்யூ_ரன்னிங் குறியைப் போட்டால், கோப்பை யாராவது திறக்கும்வரை கோர் ஊட்டிக்கொண்டிருக்கும். இதை அப்படியே விட்டால் யூசர் பக்கம் எழாமலே போனாலும் கோர் காலமெல்லாம் ஊட்டும், நாம் படி 5-இல் பார்த்த அதே தவறு. அதற்குத்தான் ஓப்பன்_டைமவுட் என்ற அளவுரு. இத்தனை வினாடிக்குள் யாரும் திறக்காவிட்டால் ஊட்டுவதை நிறுத்து என்று அதில் சொல்லலாம்.

ஊட்டும் புராசஸைத் தனியாக எழுத வேண்டியதில்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் ரன்டைம்வாட்ச்டாக்செக் என்பதில் வினாடியைக் கொடுத்தால், கொடுத்த நேரத்தில் பாதிக்கு ஒருமுறையாவது அதுவே ஊட்டும். ஆனால் அது சாட்சி சொல்வது தான் உயிரோடு இருப்பதற்கு மட்டும்தான். உங்கள் டேட்டாபேஸ் பதில் சொல்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு அந்தந்தச் சர்வீஸ் கோப்பில் வாட்ச்டாக்செக் என்று தனியாக வைத்து, அந்தப் புரோகிராம் தானே சிஸ்டம்டிக்குத் தகவல் அனுப்பும்படி எழுத வேண்டும்.